பக்கம் போடுபவர் சொல்லில் கை வைக்கலாமா?

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையம் நடத்திவரும் இணையத்தளத்திலே சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மரண அறிவித்தல் வெளியாகியது. இறந்தவர் எண்பது வயதைக் கடந்தவர். பிறந்த ஊரிலேயே வாழ்ந்து மறைந்தவர். அறிவித்தல் வெளியாகிய அன்றிரவே இலண்டனிலுள்ள அவரது தங்கையாரின் வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. அழைத்தவர்கள் அந்த அம்மையாரின் பிள்ளைகளிடம் துக்கம் விசாரித்தார்கள். மாமாவுக்காக மட்டுமல்ல, தாயாருக்காகவும். அறிவித்தலின்படி அவரும் காலஞ்சென்றவர். முதல் அழைப்பை எடுத்தவரே அந்த அம்மையார்தான்.

குடும்பத்தினர் எழுதி அனுப்பிய வாசகத்தில் பிழையேதும் இருக்கவில்லை. ‘காலஞ்சென்ற’ என்ற சொல் ஏற்கெனவே இறந்துபோன மூத்த சகோதரரின் பெயருக்கு முன்னால் நின்றது. அதன் பின்னர் ‘மற்றும்’ போட்டுத் தங்கையாரின் பெயரும் அவர் வசிக்கும் ஊரும் வந்தன. மரண அறிவித்தல்களை வாசித்துப் பழகிய எம்மவர் எவரும் இதிலே தடுமாறமாட்டார். ‘மற்றும்’ என்கிற அந்தச் சிறுசொல்தான் இருப்பவரையும் இல்லாதவரையும் பிரிக்கின்ற மதில். இணையத்தளத்தில் வெளியாகிய வாசகமோ ‘காலஞ்சென்றவர்களான’ என்று தொடங்கி இரண்டு பெயர்களையும் ஒரே வரிசையில் இருத்திவிட்டது. ‘இலண்டன்’ என்ற சொல்லும் காணாமற் போயிருந்தது.

இந்தத் தளத்தைப் பராமரிப்பவர் ரொறன்ரோவில் வசிக்கும் ஓர் இளைஞர். எனக்குத் தூரத்து உறவு, மருமகன் முறை. வேலை முடிந்துவந்து இரவிலே ஊதியமின்றி இப்பணியைச் செய்கிறார். நான் தொலைபேசியில் விசாரித்தபோது அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். “மாமா, எழுத்திலே நான் கை வைக்கவேயில்லை. பெட்டிகள் எல்லாம் ஒரே அளவில் வரவேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்” என்றார். அவர் கேட்டது செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம். அதுவும் சொன்னதைச் செய்திருக்கிறது. ஏனைய அறிவித்தல்களைவிட இது இரண்டு வரி நீளமாக இருந்ததனால், பெட்டியைப் பெருப்பிக்காமல் வாசகத்தைச் சிறுப்பித்துவிட்டது. வாசகமும் வடிவமும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தபடியால் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று அதற்கு எவரும் சொல்லவுமில்லை.

இதைக் கேள்வியுற்ற நண்பர்கள் சிலர், இந்த இயந்திரங்களே வேண்டாம் என்று உடனே தீர்ப்பு வழங்கிவிட்டார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேற்படி தளம் 2003 ஆம் ஆண்டிலே முதன்முதல் அமைக்கப்பட்டது. அந்நாளைய தளங்களை அறிந்தவர்களுக்கு அதன் தோற்றத்தை விளக்கவேண்டியதில்லை. பக்கம் முழுவதும் அட்டவணைக்குள் அட்டவணையாகக் கட்டப்பட்டிருக்கும். 800 புள்ளி அகலமான திரைக்கென அளந்து தைத்த சட்டை அது. எழுத்துகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அது கணினியில் இல்லாதவர்கள் தரவிறக்கம் செய்துகொள்ளும்படி மூலையிலே ஓர் அறிவிப்பு இருக்கும். மரண அறிவித்தலின் பக்கத்தில் அசைந்தாடும் சுடருடன் ஒரு குத்துவிளக்கு. இந்தத் தளத்தைக் கையடக்கத் தொலைபேசியில் திறந்தால் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள் தெரியும். இருபது ஆண்டுகளாக அதை மாற்றியமைக்க வேண்டுமென்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுவதும், கேட்ட தொகையைப் பார்த்துவிட்டுக் கைவிடுவதுமாகவே இருந்தார்கள்.

அந்த வேலையை இவ்விளைஞர் இரண்டு வாரஇறுதிகளில் முடித்துவிட்டார். அட்டவணைகள் யாவும் களையப்பட்டன. திரையின் அகலத்துக்கேற்பப் பத்திகள் ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் தாமாகவே மாறிக்கொள்கின்றன. பல ஆண்டுப் படங்கள் எடை குறைக்கப்பட்டன. தொடர்புப் படிவம், தேடல் வசதி, திருவிழா நாட்காட்டி எல்லாம் வந்துவிட்டன. முன்னர் ஒரு பொத்தானை இடப்பக்கம் நகர்த்துவதற்கே நூல்களைப் புரட்டி அரைநாளைச் செலவிட்டவர்களுக்கு, ‘இதைச் சற்று இடப்பக்கம் தள்ளு’ என்று தமிழிலே எழுதினால் நகர்ந்துவிடுவது சிறிய விடயமன்று. இவ்வாறு வாய்மொழியாகச் சொல்லியே நிரல் எழுதுவிக்கும் முறைக்கு அன்ட்ரே கார்பதி 2025 பெப்ரவரியில் ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்தார். கொலின்ஸ் அகராதி அதனையே அவ்வாண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தது. பணமில்லாத ஒரு வாசிகசாலைக்கு இந்த வேகம் ஒரு கொடை. வேண்டாமென்று சொல்ல நான் யார்?

எனது முறைப்பாடு வேறு. வேகம் கிடைத்ததும் எந்த வேலையை நிறுத்திவிடுகிறோம் என்பதைப் பற்றியது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் பக்கம் போடுபவர் என்று ஒருவர் இருந்தார். ஈய எழுத்துகளை அடுக்கிப் பக்கத்தைக் கட்டுபவர் அவர். கைத்திறனில் எங்கள் எல்லோரையும்விடப் பெரியவர். பிழை கண்டுபிடிப்பதிலும் சில உதவி ஆசிரியர்களைவிடக் கெட்டிக்காரர். ஆனால் ஒரு செய்தி நான்கு வரி கூடிவிட்டால் அவர் தாமாக ஒரு சொல்லையும் எடுக்கமாட்டார். மை காயாத படியைக் கையிலே தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து, “நாலு வரி கூட” என்று சொல்லிவிட்டு நிற்பார். வெட்டுவது எங்கள் பொறுப்பு. வெட்டியதால் வரும் வழக்கும் எங்கள் பொறுப்பு. நள்ளிரவிலும், அச்சியந்திரம் காத்திருந்த வேளையிலும் அந்த ஒழுங்கு மீறப்பட்டதை நான் கண்டதில்லை. அவர் சொல்லை அறியாதவர் என்பதனாலன்று, சொல்லுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவரல்லர் என்பதனாலேயே அந்த ஒழுங்கு இருந்தது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் அந்த மனிதரின் இடத்திலே வந்து அமர்ந்திருக்கிறது. அவரிடமிருந்த வேகத்தைப் போல நூறு மடங்கு வேகம் அதற்கு உண்டு. படியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வரும் பழக்கம்தான் இல்லை. நாங்களாக அதைப் பழக்கவேண்டியிருக்கிறது.

மரண அறிவித்தல் விடயம் வெளியே தெரிந்ததனால் திருத்தப்பட்டது. வெளியே தெரியாத பிழைகள் எத்தனை என்று பார்ப்பதற்காக மருமகனும் நானும் தளத்தைப் பக்கம் பக்கமாகத் துருவினோம். செய்திப் பகுதியில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். முகப்புப் பக்கத்திலே மழைக்காலத்துத் தலைப்பொன்று இப்படிக் காணப்பட்டது: ‘கனமழை: நாளை பாடசாலைகள் மூடப்பட…’ அதன் பிறகு மூன்று புள்ளிகள். சொடுக்கிப் பார்த்தால் முழுத் தலைப்பும் தெரிகிறது: ‘கனமழை: நாளை பாடசாலைகள் மூடப்படமாட்டா.’

தலைப்புகள் 30 எழுத்துக்கு மேற்பட்டால் வெட்டிப் புள்ளியிடும்படி உதவியாளர் ஒரு விதியை எழுதியிருந்தது. ஆங்கிலத் தளங்களிலே இது அன்றாட வழக்கம். அங்கே அதனால் பெரிய ஆபத்தும் இல்லை. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் வினைச்சொல்லுக்கு முன்னால் வந்துவிடும். வாலை வெட்டினாலும் தலையிலே ‘இல்லை’ நிற்கும். தமிழிலோ முழு வாக்கியமும் தன் இறுதிச் சொல்லை நோக்கியே நடக்கிறது. நடந்ததா, நடக்கவில்லையா, நடக்குமா, நடக்கலாமா என்பதெல்லாம் கடைசி அசைகளிலேயே தங்கியிருக்கின்றன. அங்கே வெட்டுவது வாலை வெட்டுவதன்று, கழுத்தை வெட்டுவது. பத்திரிகையில் செய்தியைக் கீழிருந்து வெட்டலாம். முக்கியமானதை மேலே வைத்து எழுதும் வழக்கம் அதற்கு இடம்கொடுக்கிறது. பந்தியைக் கீழிருந்து எடுக்கலாம். வாக்கியத்தை எடுக்கலாகாது.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயந்திரம் 30 என்று எண்ணிய அந்தத் தலைப்புத் துண்டை இடைவெளிகளும் சேர்த்து நான் விரல்விட்டு எண்ணினேன். 21 தான் வந்தது. தமிழ் எழுத்தை யூனிக்கோட் முறையில் கணினி எங்களைப் போல எண்ணுவதில்லை. ‘பா’ என்பது எங்களுக்கு ஓர் எழுத்து. அதற்குப் பகரம் ஒன்று, கால் ஒன்று, ஆக இரண்டு. ‘ம்’ என்பதிலே மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘யாழ்ப்பாணம்’ என்பது எங்கள் கணக்கில் ஆறெழுத்து; அதன் கணக்கில் 11. பத்திலே வெட்டினால் ‘யாழ்ப்பாணம’ என்று புள்ளியிழந்து நிற்கும். இதைச் சுட்டிக்காட்டியவுடன் உதவியாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எழுத்தெல்லை அறிந்து வெட்டும் வசதி இன்றைய உலாவிகளிலேயே இருக்கிறதென்று கூறி அதைப் பொருத்தியும் கொடுத்தது. அறிவு அதனிடம் முன்னரே இருந்தது, கேட்காதபடியால் எடுக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், எழுத்தெல்லையைச் சரியாக அறிந்து வெட்டினாலும் ‘மூடப்பட’ என்பது ‘மூடப்பட’ தான். அந்த இடத்திலே பிழை எழுத்தில் இல்லை. இந்தத் தலைப்பை நம்பி எந்தப் பிள்ளையும் வீட்டிலே நின்றதாக நான் கேள்விப்படவில்லை. கேள்விப்படாமலிருப்பது பத்திரிகையாளனுக்கு ஆறுதலாகாது.

அடுத்து நாங்கள் கண்டது என் தொழிற்புத்தியை இன்னும் கூடுதலாக உறுத்தியது. ‘எம்மைப் பற்றி’ என்ற பக்கத்திலே சனசமூக நிலையத்தின் சாதனைகள் மூன்று பெட்டிகளில் காணப்பட்டன. பெரிய எழுத்தில் ‘500+ உறுப்பினர்கள்’ என்று ஒரு பெட்டி. மற்றொன்றில் ‘25 ஆண்டுச் சேவை.’ நிலையத்தின் உறுப்பினர் தொகை இருநூறைத் தாண்டியதில்லை. அதன் வயதோ எழுபதுக்கு மேல். இந்த எண்களை எவரும் கொடுக்கவில்லை. பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது என்பதற்காக உதவியாளரே நிரப்பியிருந்தது.

பக்க வடிவமைப்பாளர்கள் வெற்றிடத்தை நிரப்பப் பொய் வாசகம் இடுவது புதிதன்று. சிசரோவின் இலத்தீன் நூலொன்றிலிருந்து சிதைத்தெடுத்த ‘லோரம் இப்சம்’ என்னும் பொருளற்ற வாசகத்தை 1960களில் லெற்றாசெற் நிறுவனத்தின் ஒட்டெழுத்துத் தாள்களும், பின்னர் பேஜ்மேக்கர் மென்பொருளும் உலகெங்கும் பரப்பின. அந்தப் பழைய ஏமாற்றில் ஒரு நேர்மை இருந்தது. எவர் பார்த்தாலும் அது நிரப்பி என்று தெரியும். தவறி அச்சேறினாலும் சிரிப்பார்களே தவிர நம்பமாட்டார்கள். இப்போதைய நிரப்பி நல்ல தமிழில் வருகிறது, நம்பும்படியான எண்களோடு வருகிறது. நான் கேட்டபோது மருமகன், “பிறகு மாற்றுவோம் என்று விட்டது மாமா, மறந்துபோனேன்” என்றார். இலத்தீனாக இருந்திருந்தால் மறந்திருக்கமாட்டார்.

சிறிய விடயங்களையும் சொல்லவேண்டும். எங்கள் ‘வாசிகசாலை’யை அது ‘நூலகம்’ ஆக்கியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்பது ஊரில் காலையிலே பத்திரிகை வாசிக்கப் போன எவருக்கும் தெரியும். ‘பாடசாலை’ ஓரிடத்தில் ‘பள்ளி’ ஆகியிருந்தது, ‘க.பொ.த. சாதாரண தரம்’ என்பது ‘பத்தாம் வகுப்புத் தேர்வு’ ஆகியிருந்தது. தமிழகத்து வாசகருக்கு இவற்றில் பிழை தெரியாது. பிழையென்று அவர்களிடம் வாதிடவும் முடியாது. இணையத்திலுள்ள தமிழில் பெரும்பங்கு அங்கிருந்து வருவதால் இயந்திரம் அந்த வழக்கைக் கற்றிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் எமது சொல் எமது தளத்திலேயே இல்லாமற் போனால் அது வேறு எங்கேதான் இருக்கப் போகிறது?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வரைவிலே தளம் முழுவதும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில் மினுங்கியது. அண்மைக்காலத்தில் உதவியாளர்கள் அமைத்த தளங்கள் பலவற்றுக்கும் அதே நிறம்தான். டெயில்விண்ட் என்ற வடிவமைப்புத் தொகுதியை உருவாக்கியவர்களில் ஒருவரான அடம் வாதன், தமது மாதிரிப் பொத்தான்களுக்கு முன்னொரு காலத்தில் அந்த நிறத்தை இட்டதே இதற்குக் காரணமென்று 2025 இல் பாதி வேடிக்கையாக மன்னிப்புக் கோரினார். ஒருவர் விட்ட மாதிரியை ஆயிரக்கணக்கானோர் பிரதிசெய்ய, அதைப் படித்த இயந்திரம் உலகின் இயல்பான நிறம் அதுவே என்று எண்ணிக்கொண்டது. எங்கள் தளத்தில் மரண அறிவித்தற் பகுதிக்குக் கீழேயும் அதே ஊதாப் பொத்தான் இருந்தது. அதிலே ‘இன்றே தொடங்குங்கள்’ என்று எழுதியிருந்தது. சிரிக்காமலிருக்க முடியவில்லை.

எழுத்துருவிலும் இதே கதைதான். அது தெரிவுசெய்த ஆங்கில எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. அப்படியான வேளையில் ஒவ்வொரு கருவியும் தன்னிடமுள்ள ஏதோவொரு தமிழெழுத்தை எடுத்து இட்டுக்கொள்ளும். ரொறன்ரோவில் அழகாகத் தெரிந்த பக்கம் என்னுடைய தொலைபேசியில் வேறு முகத்தோடு வந்தது. தலைப்பு வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியே விடப்பட்டிருந்ததால் மேல்வரியின் உகரக் கொம்பு கீழ்வரியின் இகரச் சுழியில் போய் இடித்தது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. பெயரைச் சொன்னதும் மாற்றித் தந்துவிட்டது. சொல்வதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய ஆவணங்களை மாற்றிய கதை சற்று நீண்டது. இருபது ஆண்டுகளாகப் பாமினியில் சேர்ந்திருந்த ஊர்ச் செய்திகள், மலர்க் கட்டுரைகள், நினைவஞ்சலிகள் எல்லாவற்றையும் யூனிக்கோடுக்குக் கொண்டுவரவேண்டியிருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போன்ற ஏற்பாடு. முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஆங்கில எழுத்துகள்தான் கிடக்கும். இதை மாற்றும் நிரலை உதவியாளர் சில நிமிடங்களில் எழுதிவிட்டது. கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு எழுதிய ‘கொ’வை ஒழுங்காகச் சேர்த்தும் கொண்டது. ஆனால் பக்கங்களில் இடையிடையே உண்மையான ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் அது தமிழென்று நினைத்து மாற்றிவிட்டது. அதுவாவது கண்ணுக்குத் தெரிந்த பிழை.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. பாமினியில் ‘பௌதிகம்’ என்று எழுத, ஒற்றைக் கொம்பு, பகரம், ளகரம் என்றுதான் தட்டுவார்கள். மாற்றிய பிறகும் அது ‘பெ’யும் ‘ள’வுமாகவே நின்றது. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது; நாற்பது ஆண்டு ஒப்புநோக்கிய என் கண்ணுக்கும் தெரியவில்லை. ஊர்ப் பாடசாலையின் பழைய பௌதிக ஆசிரியரைப் பற்றிய கட்டுரையை அவருடைய மாணவர் ஒருவர் தேடலில் இட்டுப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று இல்லையே என்று எழுதியபோதுதான் விடயம் புரிந்தது. கட்டுரை தளத்திலே இருந்தது. தேடலுக்குத்தான் இல்லை. கௌரி, சௌந்தரம், மௌனகுரு என்று ஔகாரம் கொண்ட எத்தனையோ பெயர்கள் இப்படி ஒளிந்துகிடந்தன.

இவ்வளவையும் பார்த்தபின் மருமகன் கேட்டார்: இப்படிப் பார்ப்பதென்றால் மிச்சம் பிடித்த நேரம் எல்லாம் போய்விடுமே, பிறகு இயந்திரத்தால் என்ன இலாபம்? நியாயமான கேள்வி. மிச்சம் உண்மையில் எவ்வளவு என்று அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மீற்றர் என்ற ஆய்வு நிறுவனம் 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வொன்றில், அனுபவமிக்க 16 நிரலாளர்களிடம் அவர்கள் நன்கறிந்த திட்டங்களில் 246 வேலைகள் கொடுக்கப்பட்டன. சிலவற்றில் உதவியாளரைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் கூடாது. பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதலான நேரம் பிடித்தது. வேலை முடிந்த பின்னரும், தாம் 20 சதவீதம் விரைவாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள். அது 2025 தொடக்கத்திலிருந்த கருவிகளைக் கொண்டு, பெரிய நிரல்தொகுதிகளிலே செய்த ஆய்வு. ஒரு சிறிய ஊர்த்தளத்துக்கோ பின்னர் வந்த கருவிகளுக்கோ அது அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். எங்கள் தளத்தைப் பொறுத்தவரை மிச்சம் உண்மையானது. ஆனால் வேகம் என்கிற உணர்வும் வேகமும் வெவ்வேறு என்பதை அந்த எண்கள் எனக்கு நினைவூட்டுகின்றன.

பத்திரிகை அலுவலகங்களுக்குக் கணினி வந்த காலத்தையும் அவை நினைவூட்டுகின்றன. நிருபரே தட்டச்சு செய்கிறார், இனி அச்சுக்கோப்பாளர் வேண்டாம் என்றார்கள். அது புரிந்தது. அடுத்த மூச்சிலே, கணினியில் பிழை வராது, ஆகவே ஒப்புநோக்காளரும் வேண்டாம் என்றார்கள். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் உரத்து வாசிக்க ஒருவரும் படியைப் பார்க்க ஒருவருமாக இருந்த அந்த மேசை ஒரே மாதத்தில் அகற்றப்பட்டது. மிச்சமான நேரம் பக்கத்தைப் பார்ப்பதற்குச் செலவிடப்படவில்லை. கூடுதலான பக்கங்களைப் போடுவதற்கே செலவிடப்பட்டது. தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றுவரை தொடரும் எழுத்துப்பிழைகளைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் ஞாபகத்துக்கு வரும்.

இது ஓர் ஊர்த்தளத்தோடு முடியும் விடயமன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டில் அரசகரும மொழியாயிற்று. அதன் பிறகும் பெயர்ப்பலகைகளில் நாம் கண்ட தமிழ் எத்தகையது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெயர்ப்பலகைத் தமிழ் பிழையென்பது பார்த்தவுடனே தெரிந்தது. படம் பிடித்துப் போட்டோம், சில இடங்களில் திருத்தினார்கள். இனிமேல் மும்மொழித் தளங்களின் தமிழ்ப் பக்கத்தைத் தமிழறியாத ஒரு வடிவமைப்பாளர் உதவியாளரிடம் கேட்டே நிரப்பிவிடலாம். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும். இலக்கணம் குறைசொல்ல முடியாததாக இருக்கும். விண்ணப்ப முடிவுத் திகதியோ, தகைமையோ, ஒரு ‘மாட்டாது’வோ மாறிப்போயிருந்தால் கண்டுபிடிப்பவர் யார்? அழகான பிழைக்கு அஞ்சவேண்டிய காலம் இது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

கண்பார்வையற்ற வாசகர்களின் நிலையும் இதிலே அடங்கும். வெப்எயிம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 இல் அவற்றுள் 94.8 சதவீதமானவற்றில் அணுகல் தொடர்பான பிழைகள் இருந்தன. அத்தகைய பக்கங்களைப் படித்தே உதவியாளர்களும் தொழில் பழகியிருக்கின்றன. எங்கள் தளத்தின் மொழி ‘ஆங்கிலம்’ என்றே கோப்பின் முதல் வரியில் அறிவிக்கப்பட்டிருந்தது. திரைவாசிப்பு மென்பொருள் எந்தக் குரலில் வாசிப்பது என்று பார்ப்பது அந்த வரியைத்தான். ஒரு சொல்லை மாற்றினோம்; ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

இப்போது நாங்கள் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். வாசகங்கள் எல்லாம் தனிக் கோப்புகளில் இருக்கின்றன; அவற்றைத் திறக்கும் உரிமை உதவியாளருக்கு இல்லை. நிறம், அளவு, அமைப்பு எதையும் அது தன் விருப்பப்படி மாற்றலாம். சொல் இடம்கொள்ளாவிட்டால் பெட்டி வளரவேண்டும். வெறும் பெட்டிக்கு வாசகம் வேண்டுமானால் பழைய இலத்தீனையே இடவேண்டும். மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் மருமகன் பக்கத்தை எனக்கு அனுப்புகிறார். அங்கே இரவு, இங்கே காலை. தொலைபேசியில் அவர் உரத்து வாசிக்க, குடும்பத்தினர் அனுப்பிய மூலத்தை வைத்துக்கொண்டு நான் பார்க்கிறேன். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை. முதலில் ழகரம் தடுமாறியது, இப்போது பரவாயில்லை. ஓர் அறிவித்தலுக்கு ஐந்து நிமிடம் போகிறது.

இலண்டன் அம்மையாருக்கு நாங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினோம். அவர் கோபிக்கவில்லை. அண்ணனின் அறிவித்தலைத் திருத்தி முதலில் தமக்கு அனுப்பும்படி மட்டும் கேட்டார். அனுப்பினோம்; ‘மற்றும்’ இருந்த இடத்திலே இருக்கிறதா என்று பார்த்துச் சரியென்று பதில் எழுதினார். அதன் பின்னரே தளத்தில் ஏற்றினோம். அந்தப் பக்கத்திலே அவருடைய அண்ணனின் பெட்டி மற்றவற்றைவிட இரண்டு வரி நீளமாக இருக்கிறது.